ஸ்டேஷன் முதல் சிறைவாசல் வரை: கைதானவரின் வீட்டார் கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

கைது முதல் ஜாமீன் வரை காசு கேட்கப்படும் இடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில்தான் கேட்கிறார்கள். கூட்டிக்கொண்டு போன நேரம் எங்கும் பதிவாகாதபோது, காயத்தை டாக்டர் எழுதாதபோது, ஜாமீன் உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வீட்டாருக்குத் தெரியாதபோது. அடி விழுவதற்கும் இதே கணக்குத்தான். எந்தக் கட்டத்தில் எந்தக் காகிதம் இருக்க வேண்டும், அதை யாரிடம் கேட்பது, தராவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் பக்கத்துக் குடும்பங்களுக்காக எழுதியது இது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய், அதன் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத இடங்களில், கீழே உள்ள பிரிவு எண்கள் இந்தப் புதிய சட்டத்தினுடையவை. ஸ்டேஷனிலும் வக்கீல் ஆபீசிலும் இன்னும் பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சட்டத்தின் சாரம் பெரும்பாலும் அதேதான், குழம்ப வேண்டாம்.

முதல் 24 மணி நேரம்

"விசாரிச்சுட்டு சாயங்காலம் அனுப்பிடறோங்க" என்ற வாக்கியம்தான் ஆபத்தானது. இதைச் சொல்லிக் கூட்டிப் போனால் காகிதத்தில் கைது இல்லை. கைது இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற 58-ஆம் பிரிவின் கடிகாரமும் அவர்கள் கணக்கில் ஓடவில்லை. இரண்டு நாள் கழித்து "இன்று காலை 6 மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம்" என்று எழுதிக்கொள்வார்கள். இதை முறியடிக்க ஒரே வழி, உண்மையான நேரத்தை நீங்களே வெளியே பதிவு செய்துவிடுவது.

கூட்டிப் போன ஒரு மணி நேரத்துக்குள் 112-க்குப் போன் செய்யுங்கள். கேட்டவர் என்ன பதில் சொன்னார் என்பது முக்கியமில்லை. அழைப்பு நேரம் உங்கள் போனிலும் அவர்கள் பதிவிலும் நிற்கும். அடுத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, மின்னஞ்சல். அதே வாசகத்தை அந்தப் பகுதி ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டுக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாசகம் நீளமாக இருக்கக் கூடாது. இப்படிப் போதும்:

"என் மகன் (பெயர், வயது, முகவரி) இன்று ..... தேதி இரவு ..... மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து சீருடையில் இரண்டு பேர், சாதா உடையில் ஒருவர் ஆகியோரால் ..... எண் கொண்ட வாகனத்தில் அழைத்துச் செல்லப்பட்டார். கைதுக்கான காரணம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. கைது குறிப்பாணை தரப்படவில்லை. அவர் இப்போது ..... காவல் நிலையத்தில் இருப்பதாக அறிகிறோம். அழைத்துச் செல்லும்போது அவர் உடலில் காயம் எதுவும் இல்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் காயம் தெரிந்தால் அது எப்போது ஏற்பட்டது என்ற கேள்விக்கு இதுதான் பதில். மிகைப்படுத்தியும் எழுத வேண்டாம். அடித்ததைப் பார்க்கவில்லை என்றால் அடித்தார்கள் என்று எழுதக் கூடாது. ஒரு பொய் வரி மற்ற உண்மையையும் கொண்டுபோய்விடும்.

ஸ்டேஷனுக்குப் போனால் கேட்க வேண்டியவை: 36-ஆம் பிரிவின்படி கைது குறிப்பாணை. அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதிக்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். 47-இன்படி கைதுக்கான காரணம். 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், காரணத்தைக் கைதானவருக்குப் புரியும்படி தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருப்பூரில் வேலை பார்க்கும் ஒடியா, இந்திக்காரப் பையன்களுக்குத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அதுவும் இந்தக் கணக்கில் வரும். 48-இன்படி உறவினர் ஒருவருக்குத் தகவல். 38-இன்படி விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை. விசாரணை முழுக்க வக்கீல் கூடவே உட்கார முடியாது, இடையில் சந்திக்கலாம். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் 35(3) நோட்டீஸ் கொடுத்து வரவழைப்பதுதான் பொதுவான முறை. கைது செய்தால் ஏன் என்று எழுத்தில் காரணம் வேண்டும். "நோட்டீசோட விட்டுடறோம், பாத்துச் செய்யுங்க" என்று கேட்கப்படுவது இங்கேதான். நோட்டீஸ் என்பது சட்டம் தருவது, அதற்கு விலை கிடையாது.

பெண்களைப் பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்பும் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழல் என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்துமூலம் காரணம் காட்டி மாஜிஸ்திரேட் அனுமதி வாங்க வேண்டும். சாட்சி விசாரணைக்கென்று பெண்களையும், 15 வயதுக்குக் கீழான, 60 வயதுக்கு மேலானவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே முடியாது. அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். மகன் கிடைக்கவில்லை என்று அம்மாவை உட்கார வைப்பது இந்தப் பக்கம் இன்றும் நடக்கிறது. 179-ஆம் பிரிவு என்று சொன்னாலே பல இடத்தில் அனுப்பிவிடுவார்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது. போட்டாயிற்று என்றால் அன்றே வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிவிட வேண்டும். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது. ஆனால் அதைக் காட்டி ஒரு பொருளைக் கைப்பற்றியதாக எழுதினால் அந்தப் பகுதி மட்டும் ஏறும். ஆகவே "சும்மா சம்பிரதாயத்துக்குத்தான்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

சிசிடிவி பதிவைக் காப்பாற்றுவது

2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையத்திலும் வாசல், லாக்-அப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, பின்பக்கம் உட்பட கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருடம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சில மாதம் முன்புதான் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் செத்துப்போன வழக்கில், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லாமல் அழியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே பதிவைக் கேட்பதைவிட, அழிக்காதே என்று எழுதுவதே முதல் வேலை. எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மனு. எந்தத் தேதி, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எந்தக் கேமரா என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். "எல்லாப் பதிவும் வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் "பதிவு இல்லை" என்ற ஒற்றைவரிப் பதில் வரும். பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க், பேக்கரி கேமராவையும் அன்றே போய்க் கேளுங்கள். அவற்றில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். கூட்டிப் போன நேரத்தை நிரூபிக்க ஸ்டேஷன் கேமராவைவிட இதுவே பல சமயம் கைகொடுக்கும்.

ஏ.ஆர். காப்பி

கைதானவரை 53-ஆம் பிரிவின்படி அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். காயம் இருந்தால் என்ன காயம், எந்த இடம், ஏறத்தாழ எப்போது ஏற்பட்டது என்று எழுத வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி பலருக்குத் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை.

நடைமுறையில் நடப்பது இது: ராத்திரி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், போலீஸ் மெமோவை நீட்டி, டாக்டர் பார்ப்பதற்குள் "நல்லாத்தான் இருக்கான் சார்" என்று சொல்லி, ரிமாண்டுக்கு, அதாவது மாஜிஸ்திரேட் உத்தரவில் காவலில் வைக்க, தகுதி என்று எழுதி வாங்கிவிடுவது. டாக்டர் கேட்கும்போது போலீஸ்காரர் பக்கத்தில் நிற்பார். கைதானவர் அந்த நேரத்தில் சொல்லும் ஒரு வரிதான் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், ஏறும். "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் பிறகு உயர் நீதிமன்றம் வரை அந்த வரியே துரத்தும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்டதாக வரும் செய்திகளெல்லாம் இப்படித் தொடங்குவதுதான். வக்கீல் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லி வைக்க வேண்டும்: டாக்டரிடம் யார், எதால், எங்கே அடித்தார்கள் என்பதைச் சொல்லு, பெயர் தெரியாவிட்டால் "போலீஸ்காரர்" என்றாவது சொல்லு.

உள்ளங்கால், பிட்டம், தொடையின் பின்பக்கம் ஆகிய மூன்றையும் டாக்டர் தானாகப் பார்க்க மாட்டார். லத்தி அங்கேதான் விழும், வெளியே தெரியாது என்பதால். சட்டையைக் கழற்றிக் காட்டுவதுபோல் இவற்றையும் காட்டக் கேட்க வேண்டும். கன்றிப்போன காயம் முதலில் சிவந்து, பிறகு நீலம் பாய்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் பச்சை, மஞ்சள் என்று மாறும். எனவே இரண்டாம் நாள் பரிசோதனைக்கும் மதிப்பு உண்டு. முதல் டாக்டர் எழுதவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் வேறு மருத்துவரின் பரிசோதனைக்கு மனுப் போடலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி, பெருந்துறை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தடய மருத்துவத் துறை இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

ரிமாண்டு: அந்த இரண்டு நிமிடம்

முதல் ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன் ஆளை நேரில் நிறுத்தியே ஆக வேண்டும். சிறைக்குப் போன பிறகான நீட்டிப்புகளுக்குத்தான் வீடியோ. மாஜிஸ்திரேட் வீட்டில் இரவில் நடக்கும் ரிமாண்டில் இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். சாத்தான்குளத்தில் சரியாகப் பார்க்காமலே ரிமாண்டு செய்யப்பட்டது என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. கைதானவர் சொல்ல வேண்டியது மூன்று: எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, வீட்டுக்குச் சொன்னார்களா. மாஜிஸ்திரேட் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சொன்னதை ரிமாண்டு உத்தரவில் எழுதும்படி வக்கீல் கேட்க வேண்டும்.

வக்கீல் இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. தொலைபேசி 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. தோட்டமும் கிணறும் இருப்பவராக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. அப்படி வரும் வக்கீல் குடும்பத்திடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "டைப்பிங் செலவு, குமாஸ்தாவுக்கு" என்று கேட்டால் ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதுங்கள். அவர் சீனியர் சிவில் நீதிபதி நிலையில் உள்ளவர், கோர்ட்டு வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

சிறைக்குள்

திருப்பூர், நீலகிரிப் பக்கத்து ரிமாண்டு கைதிகள் பெரும்பாலும் வ.உ.சி. செக்கிழுத்த கோவை மத்திய சிறைக்குப் போவார்கள். நாமக்கல் பக்கம் என்றால் சேலம். சின்ன வழக்குகளுக்கு ஊர்க் கிளைச்சிறை. உள்ளே சேர்க்கும்போது உடலில் உள்ள காயம் சிறைப் பதிவேட்டில் எழுதப்படும். சிறை அதிகாரிகள் இதில் பொதுவாகக் கவனமாக இருப்பார்கள், ஏனென்றால் எழுதாவிட்டால் காயம் தங்கள் தலையில் விழும். போலீஸ் அடித்ததற்குச் சிறைப் பதிவேடே நல்ல சாட்சி ஆவது இப்படித்தான்.

உள்ளே காசு கேட்கப்படுவது எதற்கெல்லாம்? நல்ல பிளாக், படுக்க இடம், துப்புரவு வேலையிலிருந்து விலக்கு, ஆஸ்பத்திரி வார்டு, போன், பீடி, வீட்டார் மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வரும்போது கூடுதல் நிமிடம். கேட்பது நேரடியாக வார்டராக இருக்காது. பழைய கைதி ஒருவர் உள்ளே சொல்வார், வெளியே யாரோ ஒருவரின் ஜிபே நம்பர் வீட்டுக்கு வரும். கைதியின் கேன்டீன் செலவுக்கு அவர் பெயரில் சிறையில் கணக்கு உண்டு. அதில் கட்டினால் ரசீது வரும். அதற்கு வெளியே போகும் எந்தப் பணமும் முறையானதில்லை.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணோடு வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள். மெசேஜ், வாய்ஸ் நோட் எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. அதோடு நாட்களை எண்ணுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டும் விலக்கு. இது தெரியாமல் மூன்று மாதம் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் எழுதுபவர்கள் தங்களையே மாட்டிவிட்டுக்கொள்கிறார்கள்.

ஜாதி பார்த்து வேலை ஒதுக்குவது, குறிப்பாகக் கக்கூஸ் கழுவும் வேலையை அருந்ததியர் பையன்களிடம் தள்ளுவது, 2024 அக்டோபர் 3-ஆம் தேதி சுகன்யா சாந்தா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு எந்தச் சிறையிலும் செல்லாது. விசாரணைக் கைதியிடம் கட்டாய வேலை வாங்குவதே தவறு, இதில் ஜாதி வேறு.

அடி, தனிமை அறை என்று தெரிந்தால் என்ன செய்வது? மனு பார்க்கப் போகும்போது வார்டர் பக்கத்தில் நிற்பார் என்பதால் "அடிச்சாங்களா கண்ணு?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். நடை, கை விரல், கண், வாய் திறக்கும் விதம் பாருங்கள். ஆமாம், இல்லை என்று தலையாட்டிச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். வெளியே வந்ததும் தேதி, மணி போட்டு எழுதி வையுங்கள். பிறகு மனு மூன்று இடத்துக்கு: ரிமாண்டு செய்த கோர்ட்டு, மாவட்ட முதன்மை நீதிபதி, சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர். சிறைக் கண்காணிப்பாளருக்கு மட்டும் எழுதி நிறுத்தினால் மனு யார் கைக்குப் போகிறதோ அவரைப் பற்றியே இருக்கலாம்.

வேலூர் மத்திய சிறை விவகாரம் ஒரு நல்ல பாடம். ஆயுள் கைதி ஒருவரைச் சிறை அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, பணம் திருடியதாகச் சொல்லித் தனிமையில் அடைத்து அடித்ததாக அவருடைய தாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். நீதிமன்றம் மாவட்டத் தலைமை ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டை உள்ளே அனுப்பி அறிக்கை வாங்கியது. அந்த அறிக்கைக்குப் பிறகு 2024-இல் சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. தாய் போட்ட ஒரு மனு, வெளி நீதிபதி ஒருவர் உள்ளே போய்ப் பார்த்தது. கேட்க வேண்டியது இதுதான்: "விசாரிக்க உத்தரவிடுங்கள்" என்பதோடு நிற்காமல் "நீதிபதி ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர உத்தரவிடுங்கள்" என்று. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல்லுக்குச் சென்னை உயர் நீதிமன்றம். கரூர்க்காரர்களும் பழனிப் பக்கத்துக்காரர்களும் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். ஈரோட்டு வக்கீலிடம் கரூர் வழக்கைக் கொடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

"புகார் குடுத்தா பாளையங்கோட்டைக்கு மாத்திருவோம்" என்ற மிரட்டல் வரும். மாற்றம் நடக்கவும் செய்யும். விசாரணைக் கைதி என்றால் வாய்தாவுக்கு வர முடியவில்லை, வக்கீலைச் சந்திக்க முடியவில்லை என்ற காரணத்தைக் காட்டி ரிமாண்டு செய்த கோர்ட்டில் மனுப் போடலாம். புகார் மனுவின் தேதி மாற்ற உத்தரவின் தேதிக்கு முந்தியதாக இருந்தால் பழிவாங்கல் என்பது தானே தெரியும். அதற்காகவாவது மனுவை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

ஜாமீன்: நாள் எண்ணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

மரணம், ஆயுள், அல்லது பத்து வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். வணிக அளவுக் கஞ்சா வழக்கு என்றால் 180. ரிமாண்டு செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஜூன் 5 ரிமாண்டு என்றால் ஜூனில் 26, ஜூலையில் 31, ஆக 57. ஆகஸ்ட் 3-ஆம் தேதி 60. ஆகஸ்ட் 4 காலை ஆபீஸ் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். 90 நாள் வழக்கு என்றால் செப்டம்பர் 3 காலை.

இங்கேதான் விளையாட்டு நடக்கும். "குமாஸ்தா லீவு, நாளைக்குப் போடலாம்" என்று ஒரு நாள் தள்ளினால், அந்த மாலையே குற்றப்பத்திரிகை வந்து உட்கார்ந்துவிடும், உரிமை போய்விடும். மனு முதலில் போனால், பிறகு குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது என்று 2020-இல் ரவீந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனவே நேரம் பதிவாகும்படி ஈ-ஃபைலிங்கில் போடச் சொல்லுங்கள். தாக்கல் எண்ணை வாங்குங்கள். ஜாமீன் மறுக்கப்பட்டது என்று வக்கீல் சொன்னால் ஈகோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க அடையாள எண்ணை, அதாவது சி.என்.ஆர். எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். போடாத மனுவை "டிஸ்மிஸ் ஆயிருச்சு" என்று சொல்லும் கதை அரிதில்லை.

முதல் தடவை வழக்கில் சிக்கியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர்கள் பாதியும் உள்ளே இருந்துவிட்டால் 479-ஆம் பிரிவில் வெளியே வரலாம். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது கிடையாது. கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. அவர் எழுதாவிட்டால் நீங்கள் எழுதுங்கள்.

ஜாமீன் கிடைத்த பிறகுதான் உண்மையான செலவு தொடங்கும். இரண்டு ஜாமீன்தாரர், ஆளுக்கு இவ்வளவு ரூபாய்க்குப் பிணை என்று உத்தரவு வரும். அந்தத் தொகையைக் கட்டச் சொல்லவில்லை, அவ்வளவுக்குப் பொறுப்பேற்கச் சொல்கிறார்கள். இது புரியாமல் பத்தாயிரத்தைப் புரட்டிக்கொண்டு வருபவரிடம் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள ஆள் தயாராக இருக்கும். ஜாமீன்தாரருக்குத் தேவை ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வீட்டு வரி ரசீது. பட்டா இருந்தால் நல்லது. பெயர், தகப்பன் பெயர், கதவு எண் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். "சுப்பிரமணி" என்று ஆதாரிலும் "சுப்பிரமணியம்" என்று வரி ரசீதிலும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திருப்பலைச் சரிசெய்வதுதான் ஐந்நூறு, ஆயிரத்துக்கு விற்கப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலர் சான்று கேட்டு அங்கும் கை நீண்டால், ஜாமீன்தாரரின் தகுதிக்கு உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 485-ஐக் காட்டி மனுப் போடலாம். கோர்ட்டு வாசலில் கூலிக்குக் கிடைக்கும் ஜாமீன்தாரரைத் தொடவே வேண்டாம். எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று அவர் எழுதித் தர வேண்டும். பொய் என்று தெரிந்தால் ஜாமீனே ரத்தாகும்.

வடமாநிலப் பையன்களுக்கு உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்டு மாதக்கணக்கில் கிடப்பதைத் தவிர்க்க 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் கோர்ட்டு தானே நிபந்தனையைத் தளர்த்தப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்கலாம். "ஆர்டரைக் கையில கொண்டு போகணும், வண்டிச் செலவு குடுங்க" என்று கேட்டால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

"ஜட்ஜுக்குக் கொடுக்கணும்"

இப்படிக் கேட்கப்படும் பணத்தில் பெரும்பகுதி கேட்பவரின் பையைத் தாண்டுவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஜாமீன் எப்படியும் கிடைக்கும் வழக்குகளில்தான் இது அதிகம் கேட்கப்படுகிறது. கிடைத்தால் "நான் பேசி வாங்கினேன்", கிடைக்காவிட்டால் "தொகை பத்தலீங்க". அரசு ஊழியரிடம் செல்வாக்கு உண்டு என்று சொல்லிக் காசு வாங்குவதே ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவில் குற்றம், வாங்குபவர் வக்கீலாக இருந்தாலும். வக்கீல் மீது புகார் என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். ஃபீசுக்கு ரசீதாவது வங்கிப் பரிமாற்றமாவது இருந்தால்தான் அந்தப் புகார் நிற்கும்.

நீதிபதி மீதே உண்மையான ஆதாரம் இருந்தால் உயர் நீதிமன்றப் பதிவாளரின் கண்காணிப்புப் பிரிவுக்கு, நோட்டரி முன் உறுதிமொழிந்த பிரமாணப் பத்திரத்தோடு எழுத வேண்டும். பெயரில்லாத மொட்டைக் கடிதம் குப்பைக்குத்தான் போகும். தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பது புகார் ஆகாது, அது அப்பீல்.

கோர்ட்டு ஊழியர்களிடம் மாட்டுவது சின்னச் சின்ன வேலைகளில்: வழக்குக் கட்டு எடுக்க, நகல் மனுவை நகர்த்த, அமீனா நோட்டீஸ் சார்வு செய்ய, சாமான் பிரிவில் பிடிபட்ட வண்டியைத் திருப்ப. குற்றப்பத்திரிகை நகல் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, இலவசம், ஜெராக்ஸ் செலவு என்று கேட்கக் கூடாது. நகல் மனுவுக்கு எண்ணும் தேதியும் உண்டு. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "எந்த நிலையில இருக்குதுங்க?" என்று எழுத்தில் கேட்பவரிடம் பேரம் பேச யாரும் விரும்ப மாட்டார்கள்.

லஞ்ச ஒழிப்புத் துறையில் பொறி வைப்பது

தொலைபேசி 1064. ஒவ்வொரு மாவட்டத்திலும் பிரிவு அலுவலகம் உண்டு, நேரில் போவதே நல்லது. புகாரில் வேண்டியவை: உங்கள் வேலை என்ன, அது இப்போது அந்த ஊழியரிடம் நிலுவையில் உள்ளதா, எந்தத் தேதியில் எங்கே எவ்வளவு கேட்டார், கேட்டபோது யார் இருந்தார். வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, அல்லது கேட்டவருக்கு அந்தக் கோப்பில் சம்பந்தமே இல்லை என்றால் வழக்கு பலவீனமாகிவிடும்.

பணத்தைப் பெரும்பாலும் நீங்களே கொண்டு போக வேண்டும். நோட்டு எண்களை எழுதிக்கொண்டு பினாப்தலின் பொடி தடவுவார்கள். வேறு துறை அரசு ஊழியர் இரண்டு பேர் சாட்சி; ஒருவர் உங்கள் கூடவே வருவார். இங்கே பலர் தவறுவது அவசரத்தில். அலுவலர் கேட்பதற்கு முன்பே நோட்டை நீட்டிவிடுவார்கள். கேட்டதும் வாங்கியதும் இரண்டும் நிரூபணமாக வேண்டும். வெறுமனே பையில் பணம் இருந்தால் போதாது என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. சூழ்நிலைச் சாட்சியத்தாலும் நிரூபிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே பணத்தை வெளியே எடுக்காமல் "என்னோட காரியம் என்னாச்சுங்க?" என்று தொடங்குங்கள். அவர் தொகையைச் சொல்ல வேண்டும், கூட வந்த சாட்சி காதில் விழ வேண்டும். "மேஜை மேல வைய்யி" என்றால் "எவ்வளவுங்க, எண்ணித் தரட்டுங்களா?" என்று கேளுங்கள். கை குலுக்காதீர்கள், பொடி உங்கள் கையிலிருந்து அவர் கைக்கு ஒட்டியது என்று வாதிடுவார்கள். அவர் வாங்கியதும் சொல்லி வைத்த சைகை. அவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். பாட்டிலை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சாட்சிக்கூண்டில் நீங்கள் பேச்சு மாறினால் எல்லாம் போகும், இதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.

மனித உரிமை மீறலுக்குச் சென்னை கிரீன்வேஸ் சாலையிலுள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ஒரே புகாரை அனுப்பினால் மாநிலத்தில் நிலுவையில் உள்ளது என்று தேசிய ஆணையம் கைவிட்டுவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமை என்றால் அதற்கான சட்டத்தில் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

கடைசியாக, பலர் மறந்துவிடுவது. ரொக்க டெபாசிட் கட்டி ஜாமீன் வாங்கியிருந்தால் வழக்கு முடிந்ததும் அது திரும்பக் கிடைக்கும். கட்டியபோது தந்த சலான், தீர்ப்பு நகல், வங்கிப் பாஸ்புக் நகல் மூன்றையும் வைத்து அதே கோர்ட்டில் ஒரு மனு. அப்பீல் காலம் முடிந்த பிறகு கேட்டால் வேகமாக நடக்கும். ஜாமீன்தாரர் கொடுத்த அசல் பட்டா, ஆர்.சி. புத்தகம் ஏதாவது வழக்குக் கட்டில் இருந்தால் அதே நாளில் அதற்கும் தனி மனு போட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்தால் ஒன்றைக் காரணம் காட்டி மற்றதையும் கிடப்பில் போடுவார்கள்.